ஏழாம் அத்தியாயம்: நீருக்கடியில் மீன்களுக்கு இருப்பிடம் அமைத்தல்

சொந்த நிலத்தில் ஏரி அமைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர், கரையைச் செப்பனிட்டுப் புல் பதித்து, படகுத்துறையும் நிழற்பந்தலும் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற பாகத்துக்கெல்லாம் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, மீன் தன் ஆயுள் முழுவதும் வசிக்கப்போகிற, நீர்மட்டத்துக்குக் கீழான பாகத்தைப் பற்றி, மண்வெட்டும் யந்திரங்கள் திரும்பிப் போய், மதகும் அடைபட்டு, ஜலம் ஏறத் தொடங்கின பிறகுதான் சாவகாசமாக யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். உலர்ந்த தரையில் ஒரு புல்டோசர் எளிதில் செய்து முடிக்கக்கூடிய மேட்டையும் மடுவையும், நீர் நிரம்பின பிறகு எவ்வளவு திரவியம் கொடுத்தாலும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்துகொள்ள முடியாது. ஆகையால் ஏரியின் வரைபடம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே இந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிடுவது நலம். ஏற்கெனவே நிரம்பின ஏரியை உடையவர்களுக்கும் இதில் பிரயோஜனம் உண்டு. அவர்களுடைய வேலைதான் சற்றுச் சிரமமானது.

நான் உதாரணமாகக் கண்முன் வைத்துக்கொண்டு பேசுவது, இந்தக் கலை ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிற அமெரிக்கத் தென் மாநிலங்களில், அதாவது அலபாமா, ஜார்ஜியா, மிஸிஸிப்பி, டெக்ஸஸ் முதலிய இடங்களில், களிமண் பூமியில் ஒரு சிற்றோடையின் குறுக்கே மண்கரை எழுப்பித் தேக்கப்படும், ஐந்து ஏக்கர் முதல் இருபது ஏக்கர் வரை விஸ்தீரணமுள்ள தனியார் ஏரி. அங்கே தூண்டில் போடுகிறவர்களின் மனத்தில் குடிகொண்டிருப்பது லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெருவாய் மீன். 1932-ஆம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி பிடித்த 22 ராத்தல் 4 அவுன்ஸ் பாஸை, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் எட்டிப்பிடித்ததே தவிர, சாதனைக் கணக்கின் விதிப்படி முந்தினதாக ஒப்புக்கொள்ளப்படவில்லை என்ற விவரத்தை அந்தப் பக்கத்துச் சிறுவர்கள்கூட ஒப்பிப்பார்கள். அந்தப் பாஸுக்கு இரையாக விடப்படுவது ப்ளூகில் என்ற உள்ளங்கை அகலத்துத் தட்டை மீன். இந்த ஜோடியைப் பண்ணைக் குளங்களுக்கு ஏற்றதென்று நிலைநாட்டியவர், 1930-களிலிருந்து அலபாமாவின் ஆபர்ன் நகரத்துக் கல்லூரியில், குளங்களை வடித்து, மீன்களை எண்ணி, நிறுத்துப் பார்த்து ஆராய்ந்த ஹோமர் ஸ்விங்கிள்; உரமிட்ட குளத்தில் ஏக்கருக்கு 1000 ப்ளூகில் குஞ்சுகளுக்கு 100 பாஸ் குஞ்சுகள் என்ற விகிதம் அந்த ஆராய்ச்சியின் வழியாகப் பரவினதே. இரண்டு ஜாதிகளுக்கும் இடையேயுள்ள சமநிலைதான் ஏரியின் உயிர்நிலை. நீருக்கடியில் நாம் அமைக்கிற ஒவ்வொன்றும் அந்தத் தராசின் ஏதாவது ஒரு தட்டைத் தாழ்த்தியே தீரும்.

முதலில் ஒரு பிரமையை நீக்கிக்கொள்ள வேண்டும். ஜலத்தில் நான்கு கிளைகளை வெட்டிப் போட்டால் மீன் பெருகிவிடும் என்று நினைக்கிறவர்கள் அநேகர். போட்ட சில நாட்களுக்குள் அங்கே மீன் மொய்ப்பதைக் கண்டதும் அந்த நினைப்பு உறுதிப்பட்டும் விடுகிறது. அவ்வாறு மொய்த்தவை ஏரியின் மற்ற மூலைகளிலிருந்து குடிபெயர்ந்து வந்த மீன்கள். கிளை மீனைக் கூட்டும் என்பது மிகப் பழைய சங்கதி: இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் மீனவர்கள் கண்டல் மரக் கிளைகளைச் சேற்றில் நெருக்கமாக நட்டு, மீன் வந்து அடையும்வரை விட்டுவைத்துப் பின்பு வலையால் வளைத்துப் பிடிக்கிற வழக்கமும், மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் தேசத்துக் காயல்களில் அகாஜா என்ற பெயரால் நடைபெறும் அதே தந்திரமும், இந்த ஸ்வபாவத்தை நம்பியே நடப்பவை. மிச்சிகன் மாநிலத்தில் கார்ல் ஹப்ஸும் எஷ்மேயரும், ஏரிகளைத் தூண்டிலுக்கு உகந்தவையாகத் திருத்துவது பற்றி 1938-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். தூண்டில் போடுகிற இடத்துக்கு மீன் வந்து சேருவது பெரிய லாபந்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதை உற்பத்தி என்று எண்ணிக்கொண்டு, ப்ளூகில் மிதமிஞ்சிப் பெருகி வளர்ச்சி குன்றிக் கிடக்கிற ஏரியில் வண்டி வண்டியாகக் கிளைகளைக் கொட்டுகிறவர், வியாதிக்கே தீனி போட்டு வளர்க்கிறார். ஒளிய இடம் கிடைக்கக் கிடைக்கச் சிறுமீன் தப்பும். தப்பின சிறுமீன் தீனிக்குத் தவித்து விரலளவிலேயே நின்றுவிடும். பாஸும் கண்ணெதிரே இரை இருக்கையிலேயே மெலியும்.

உண்மையான உற்பத்தி மெதுவாக நடப்பது. வெயில் எட்டுகிற ஆழத்தில் மூழ்கிக் கிடக்கிற எந்தப் பொருளின் மேலும் சில வாரங்களில் வழவழப்பான ஒரு பாசிப்படலம் படர்கிறது. அந்தப் படலத்தை மேய நத்தைகளும் பூச்சிகளின் இளம் புழுக்களும் வருகின்றன. அவற்றைக் கொத்தித் தின்ன ப்ளூகில் குஞ்சுகளும், குஞ்சுகளைத் தேடிப் பாஸும் வந்து சேருகின்றன. ஆகவே பாசி பிடிப்பதற்கு எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பொருள் மீனை வளர்க்கும் சக்தியையும் உடையதாகிறது. சொரசொரப்பான பட்டையும் நூற்றுக்கணக்கான நுனிக் கிளைகளும் உள்ள ஒரு கருவாலி மரத்தின் தலைப்பாகம், வழவழப்பான பத்துக் குழாய்களைவிட மேலானதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இதற்கு அடுத்தபடியாக, நெருக்கம் எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்துச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜாக்குலின் ஸவினோவும் ராய் ஸ்டைனும், செயற்கைத் தண்டுகளை வெவ்வேறு நெருக்கத்தில் அமைத்த நீர்த்தொட்டிகளில் பாஸையும் ப்ளூகில்லையும் ஒன்றாக விட்டுப் பார்த்து, அதன் முடிவுகளை 1982-இல் வெளியிட்டார்கள்: தண்டுகள் நெருங்க நெருங்கப் பாஸுக்கு இரை அகப்படுவது குறைந்துகொண்டே வந்தது, சதுர மீட்டருக்கு 1000 தண்டுகள் என்ற அளவுக்கு வந்ததும், தேடித் திரிந்து பிடிக்கிற தன் வழக்கத்தையே விட்டு அது பதுங்கிக் காத்திருக்கத் தலைப்பட்டது. இதிலிருந்து ஏரிக்குடையவர் அறிந்துகொள்ள வேண்டியது, மறைவிடத்தின் கனத்தைவிட அதன் விளிம்பே அதிக மதிப்புள்ளது என்பதுதான். அடர்த்தியான ஒரே பெரும் குவியலின் நடுப்பாகம் யாருக்கும் உபயோகப்படாமல் கிடக்கும். அதே மரத்தை மூன்று சிறு குவியல்களாகப் பிரித்து, இடையிடையே ஒரு பாஸ் தாராளமாகத் திரும்பக்கூடிய சந்துகளை விட்டுவைத்தால், குஞ்சு உள்ளே ஒடுங்கவும், நடுத்தர மீன் ஓரத்தில் மேயவும், பெரிய மீன் நிழலில் நின்று பாயவும் இடமிருக்கும். மூன்று பருவத்து மீன்களுக்கும் தனித்தனியே இடம் வகுப்பதே அமைப்பின் ரகசியம். பாஸ் தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீளமுள்ள இரையையே விரும்புகிறதாகையால், எல்லாச் சிறுமீனையும் காப்பாற்றுவதும் எல்லாவற்றையும் அம்பலமாக விடுவதும் ஒருங்கே தவறு.

இனி ஆழத்தைப் பற்றி. எத்தனையோ ஏரிகளில் பாடுபட்டு இறக்கின மரக்குவியல்கள் கோடை முழுவதும் மீன் அண்டாத சூனியமாகக் கிடப்பதற்கு, அவை வைக்கப்பட்ட ஆழமே காரணமாகும். தண்ணீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகவும் கனமானது. அதற்கு மேல் சூடேற ஏற இலேசாகிறது. கோடையில் மேல்நீர் வெயிலால் சூடேறி இலேசாக மிதக்க, குளிர்ந்த அடிநீர் கனத்தோடு கீழே தங்கிவிடுகிறது. காற்றின் அலைப்பு மேலடுக்கை மட்டும் கலக்குமேயன்றிக் கீழடுக்கை எட்டாது. மேலிருந்து பிராணவாயு வந்து சேராத அந்தக் கீழடுக்கில், அழுகும் இலைகளும் கழிவுகளும் இருந்த பிராணவாயுவையும் உண்டு தீர்த்துவிடுகின்றன. பாஸ் சௌகரியமாக இருப்பதற்கு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். கீழடுக்கில் பல மாதங்களுக்கு அது அநேகமாகப் பூஜ்யமாகவே இருக்கும். கலங்கலும் வளமும் மிகுந்த ஏரிகளில் இந்த எல்லைக்கோடு ஆறு, எட்டு அடியிலேயே அமைந்துவிடுவதுண்டு. தெளிந்த ஏரிகளில் இன்னும் சற்று இறங்கியிருக்கும். பிராணவாயுவை அளக்கும் கருவி ஒன்றை ஜூலை மாதத்தில் இரவல் வாங்கி, ஆழமான இடத்தில் அடி அடியாக இறக்கிப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. கருவி அகப்படாதவர்கள் நடு ஏரியில் நீந்தினால், கால் திடீரென்று சில்லென்ற நீரில் படுகிற ஆழத்தை ஏறக்குறைய எல்லையாகக் கொள்ளலாம். கோடையில் பயன்படவேண்டிய குவியல்களின் தலை அந்த எல்லைக்கு மேலே இருந்தாக வேண்டும்.

ஏரியின் அடியில் காற்றுக்குமிழ் விடும் யந்திரம் பொருத்துகிற உத்தேசம் இருந்தால், அதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது நல்லது. அந்த யந்திரம் இரண்டு அடுக்குகளையும் கலந்துவிடுவதால், பத்துப் பன்னிரண்டு அடி ஆழமும் மீனின் குடியிருப்பாகிவிடுகிறது. ஆனால் நடுக்கோடையில் அதை வாங்கிப் பொருத்தி இரவு பகலாக ஓட்டத் தொடங்குவது பேராபத்து. கீழே தேங்கியிருந்த பிராணவாயுவற்ற நீர் முழுவதும் ஒரேயடியாக மேலேறி மீன்களைக் கொன்றுவிடும். வசந்தத்தின் ஆரம்பத்தில், அடுக்குகள் பிரிவதற்கு முன்பே தொடங்க வேண்டும். தாமதமாகிவிட்டால் நாளொன்றுக்குச் சிறிது நேரமாக, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஜலத்தின் தெளிவையும் அளந்து வைத்துக்கொள்ளலாம். இத்தாலியப் பாதிரியும் வானசாஸ்திரியுமான ஆஞ்சலோ ஸெக்கி 1865-இல் கடலின் தெளிவை அளக்க ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஏரிகளில் இன்று அதற்குப் பதிலாகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்பாகங்கள் தீட்டின 20 சென்டிமீட்டர்த் தட்டு உபயோகப்படுகிறது. தட்டு மறைகிற ஆழம் 18 முதல் 24 அங்குலம் வரை இருக்கும்படி பச்சைநிறம் கட்டின நீரே உரமிட்ட பாஸ் ஏரிக்கு உகந்தது. அதைவிட மிகத் தெளிந்த நீரில் நீர்ச்செடிகள் ஆழம்வரை படர்ந்து, நம்முடைய அமைப்புகளையெல்லாம் மூடிவிடும்.

தரை உலர்ந்திருக்கும்போது செய்யவேண்டிய மண்வேலை மற்றெல்லாவற்றையும்விட நீடித்து நிற்பது. கரையோரச் சரிவு மூன்றடிக்கு ஓரடி வீதம், அதாவது கரையிலிருந்து மூன்றடி உள்ளே சென்றால் ஓரடி இறங்கும்படி இருந்தால், ஓரத்துக் களைகள் கட்டுக்குள் நிற்கும். அந்த விதியை ஏரி முழுவதற்கும் அப்படியே கடைப்பிடித்துச் சுற்றிலும் ஒரே சரிவாகச் செதுக்கிவிடுகிற ஒப்பந்தக்காரரிடம் மீன் வளர்ப்பவருக்கு மனஸ்தாபம் ஏற்படுவது நியாயமே, ஏனென்றால் குஞ்சுகள் வளரவும் கூடு அமைக்கவும் இரண்டொரு தாழ்ந்த விரிகுடாக்கள் வேண்டும். காற்று நேராக அடிக்காத வடக்கு, மேற்கு மூலைகளில் அவை அமைந்தால் வசந்தத்தில் நீர் சீக்கிரம் சூடேறும். பழைய ஓடையின் பள்ளத்தை மூடாமல் விட்டுவிட வேண்டும். மீன்கள் அதன் ஓரத்தையே பாதையாகக் கொண்டு நடமாடும். கரைக்கு மண்ணெடுத்த குழிக்கு அருகே, தலைப்பாகம் நீர்மட்டத்துக்கு நாலைந்து அடி கீழே இருக்கும்படி ஒரு நீண்ட முதுகுமேட்டை விட்டுவைத்தால், பின்னால் போடுகிற எந்தக் கிளைக்குவியலும் அதற்கு ஈடாகாது. நிலத்தில் நிற்கிற மரங்களில் சிலவற்றை வெட்டாமல் அப்படியே மூழ்கவிடுவது உண்டு. ஆனால் ஏரி முழுவதும் தூவினாற்போல் விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சில வருஷங்களில் மக்கிப்போன கிளைகள் படகில் இருப்பவர் தலைமேல் முறிந்து விழும். ஒரு மூலையில் ஒரு தோப்பாக நிற்கட்டும்.

முட்டையிடும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நீர் பாரன்ஹீட் 60 முதல் 65 டிகிரி வரை சூடேறுகையில் ஆண் பாஸ், இரண்டு முதல் நாலடி ஆழத்தில், கெட்டியான தரையை வாலால் பெருக்கிக் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் தானே காவல் காக்கிறது. ப்ளூகில் இன்னும் சூடான நீரில், எழுபது டிகிரியைத் தாண்டின பிறகு, கூட்டங்கூட்டமாக அடுத்தடுத்துக் கூடு கட்டிக் கோடை முழுவதும் பலமுறை முட்டையிடும். இரண்டும் சேற்றைவிடச் சரளையை விரும்புகின்றன. பட்டாணி முதல் கோலிக்குண்டு வரையிலான அளவுள்ள கூழாங்கல்லை, மரச்சட்டத்தின் நடுவே நாலைந்து அங்குலக் கனத்துக்குப் பரப்பினால், வண்டலில் புதையாமல் வெகுகாலம் நிற்கும். பாஸ் கூடுகள் ஒன்றையொன்று பார்க்காமலிருக்கும்படி இடையில் ஒரு கட்டையோ கல்லோ போட்டுவைப்பது, ஆண் மீன்களின் சண்டையைக் குறைக்கும் என்பது பலருடைய அனுபவம். கெளுத்தி பொந்துகளில் முட்டையிடுகிற ஜாதி. அதன் குஞ்சுகள் வேண்டாதவர்கள் பழைய பீப்பாய்களை ஏரியில் போட்டுவைக்கலாகாது.

மரந்தான் இந்தக் கலையின் பிரதானமான சரக்கு. ஆகையால் அதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகப் பேச வேண்டியிருக்கிறது. தென் மாநிலங்களில் வேலியோரமெல்லாம் தானாக முளைத்து உபத்திரவம் செய்கிற செந்நிற ஸீடர் மரம் மிகவும் பிரசித்தமானது. செலவில்லை, வெட்டுவதால் நிலமும் திருந்துகிறது, அடர்ந்த நுண்கிளைகள் குஞ்சுகளுக்கு உத்தமமான புகலிடம். அந்த நுண்கிளைகள் சில வருஷங்களில் உதிர்ந்துவிட்டாலும் நடுத்தண்டு வெகுகாலம் நிற்கும். கருவாலி போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் அகன்ற கிளைகளையும் பெரிய சந்துகளையும் உடையவையாகையால் பெரிய மீனுக்கு அவையே விசேஷம். எப்போதும் மூழ்கியே இருக்கிற வைர மரம், காற்றுப் படாத காரணத்தால், பல்லாண்டுகள் அழியாமல் கிடக்கும். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் தெருவோரம் எறியப்படும் அலங்கார மரங்களைச் சேகரித்து வந்து இறக்குவதும் ஒரு வழக்கம். இலவசமாக அகப்படுவதால் அதைப் பரிகசிக்க வேண்டியதில்லை. என்றாலும் அவற்றின் ஆயுள் குறைவு, ஜிகினாச் சரங்களை ஒன்றுவிடாமல் உருவி எடுக்கிற வேலையும் சேருகிறது. என் அபிப்பிராயத்தில் கருவாலிக் கிளையை நடுவில் நிறுத்தி ஸீடரை அதன் அடியைச் சுற்றிக் கட்டுவதே சிறந்தது. குஞ்சுக்கும் பெரிய மீனுக்கும் ஒரே இடத்தில் வசதி ஏற்படுகிறது.

கிளைகளைப் படுக்க வைப்பதா நிறுத்தி வைப்பதா என்ற விவாதத்தில் நான் நிறுத்தி வைக்கிறவர்களின் கட்சி. படுத்த கிளை சேற்றில் அமிழ்ந்து பாதி வீணாகும். நின்ற மரமோ, நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஏதாவது ஓர் ஆழத்தில் மீனுக்கு உதவும். அடிமரத்தை வாளிக் காங்கிரீட்டில் ஊன்றியோ, காங்கிரீட் கட்டிகளைத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டியோ கனம் சேர்க்கலாம். தேங்காய்க் கயிறும் சணலும் மரத்துக்கு முன்னே இற்றுப்போவதால், கட்டவிழ்ந்த மரம் மிதந்து போய்க் கலிங்கை அடைக்கும். அது பெருமழைக் காலத்தில் கரையையே உடைத்துவிடக் கூடிய விபரீதம். கரையோரத்தில் நிற்கிற ஒரு மரத்தை முழுவதும் அறுக்காமல், கட்டையோடு ஒட்டினபடியே நீருக்குள் சாய்த்து, கம்பிவடத்தால் பிணைத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது. அதன் நுனி ஆழத்திலும் அடி ஓரத்திலும் கிடப்பதால், ஒரே மரம் எல்லா ஆழத்துக்கும் ஊடாக ஒரு வழியாகிவிடுகிறது. மண்கரையின்மேலுள்ள மரத்தை மட்டும் இப்படிச் செய்யலாகாது. மண்கரையில் மரமே இருக்கக்கூடாது, ஏனென்றால் அதன் வேர் இற்றபின் நீர் கசிய வழி பிறக்கும்.

கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரையின் உட்புறத்தில் அலைகளைத் தடுக்கக் கொட்டுகிற கருங்கல், சந்துகளில் நண்டிறாலை வளர்த்து பாஸுக்கு உணவூட்டும். சேற்றுத் தரையில் கல்லைக் கொட்டுவது வீண். கெட்டித் தரையில், அல்லது விரிப்புத்துணி பரப்பி அதன்மேல், கொட்ட வேண்டும். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மரங்களுக்கும், குழாய்களைக் காங்கிரீட் கட்டியில் செருகிச் செய்தவற்றுக்கும் ஒரு தனிச் சலுகை உண்டு: தூண்டில் முள் அவற்றில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. குழந்தைகள் மீன் பிடிக்கிற துறைக்கு அருகே அவற்றையும், பாசி பிடிப்பதற்காக அவற்றினிடையே ஓரிரண்டு மரக்கிளைகளையும் வைக்கலாம். பழைய டயர்களைக் கிட்டவே சேர்க்கக்கூடாது. ப்ளோரிடாக் கடற்கரையில் போர்ட் லாடர்டேலுக்கு எதிரே 1970-களில் ஆஸ்பார்ன் ரீஃப் என்ற இடத்தில் ஏறக்குறைய இருபது லட்சம் டயர்களை மீனுக்காகக் கடலில் இறக்கினார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் புயலில் உருண்டு இயற்கைப் பவழப்பாறைகளையே நாசம் செய்ததால், பிற்காலத்தில் அவற்றைப் பொறுக்கி எடுக்கச் செலவு செய்ய நேர்ந்தது. தார் எண்ணெய் ஏற்றின ரயில் கட்டைகளும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

உயிருள்ள செடிகள் மரத்தைவிட உயர்ந்த மறைவிடந்தான். ஆனால் அவை சொன்ன இடத்தில் நிற்பதில்லை. ஏரிப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அவை அடங்கியிருந்தால் குறையொன்றுமில்லை. மிஞ்சினால் முன்பு சொன்ன குன்றின ப்ளூகில் நிலைமை வந்து சேரும். கரையோரத்துக்கு மிகவும் ஏற்றது அமெரிக்க நீர்வில்லோ. நம் ஆடாதோடையின் பேரினத்தைச் சேர்ந்த இந்தச் செடி, ஓரத்துத் தாழ்ந்த நீரில் வரிசையாகப் படர்ந்து, அலையிலிருந்து மண்ணைக் காத்து, ஆழத்துக்கு இறங்காமல் தன் எல்லையை உணர்ந்து நிற்கிறது. நீராம்பலைத் தொட்டியில் நட்டு இறக்கினால் கட்டுக்குள் நிற்கும். அமெரிக்கத் தாமரையை இறக்குகிறவர் சில வருஷங்களில் தூண்டில் போட இடம் தேடுவார். ஹைட்ரில்லாவைக் கையால் தொடவும் வேண்டாம். நம் பக்கத்துக் குளங்களில் சாதாரணமாக வளரும் அந்தப் பாசி, 1950-களின் தொடக்கத்தில் கண்ணாடித்தொட்டி மீன் வியாபாரத்தின் மூலமாக இலங்கையிலிருந்து ப்ளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்து, வாய்க்கால்களில் தப்பி, அந்தத் தேசத்து நீர்நிலைகளையெல்லாம் இன்றளவும் திணறடித்து வருகிறது. ஒரு துணுக்குத் தண்டு படகின் அடியில் ஒட்டி வந்தாலும் போதும். களையைத் தின்னப் புல்கெண்டை விடுகிறவர்கள், அது நாம் விரும்பி நட்ட செடிகளையும் விலக்குவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இளஞ்செடிகளைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்தால், ஆமைகளும் கெண்டையும் தொந்தரவு செய்யாத அவகாசத்தில் வேரூன்றிவிடும்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் உடையவருடைய ரசனை வெளிப்படுகிறது. தாழ்ந்த விரிகுடாவிலிருந்து பழைய ஓடைப்பள்ளம் வரையில், மூன்றடி, ஐந்தடி, எட்டடி என்று ஆழம் கூடிக்கொண்டு போகும்படி, இடைவெளிவிட்டுச் சிறு குவியல்களை ஒரே வரிசையில் அமைப்பதே என் மனத்துக்குப் பிடித்தது. அக்காலத்து வழிப்போக்கன் சத்திரம் சத்திரமாகத் தங்கிச் சென்றதுபோல, மீனும் வெயிலுக்கும் பருவத்துக்கும் ஏற்றபடி ஒரு குவியலிலிருந்து அடுத்ததற்கு இடம் மாறிக்கொண்டு போகும். படகுத்துறையிலிருந்து தூண்டில் வீசினால் எட்டுகிற தூரத்தில், அதாவது இருபது முப்பதடிக்குள், ஒரு குவியல் இருக்கட்டும். துறையின் அடியிலேயே வைத்தால் குழந்தைகளின் தூண்டில் நரம்பு ஓயாமல் சிக்கிக்கொள்ளும். ப்ளூகில்லுக்குத் தீனி தூவுகிற யந்திரம் அந்தப் பக்கமே இருந்தால், தீனியைத் தேடி வரும் ப்ளூகில்லும், ப்ளூகில்லைத் தேடி வரும் பாஸும் துறையைச் சுற்றியே இருக்கும். நீந்துகிற இடத்துக்கும், படகு திரும்புகிற வழிக்கும், மதகின் நெடுங்குழாய்க்கும் அருகே கிளை ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒரு பாகத்தையாவது, ஏரியின் பாதிக்குக் குறையாமல், ஒன்றும் வைக்காமல் வெறுமையாக விட்டுவிட வேண்டும். வெளி இல்லாவிட்டால் விளிம்பும் இல்லை.

மிதவை கட்டி ஒவ்வொரு குவியலையும் அடையாளம் செய்வது விருந்தினருக்கு உபகாரமாகும். அழையாத விருந்தினருக்கும் உபகாரமாகும். ஆகையால் எதிரொலிக் கருவியால் பார்த்து ஒரு வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்வதே உசிதமென்பேன். அந்தப் படத்திலேயே இறக்கின தேதி, மரத்தின் ஜாதி, தலைப்பாகத்தின் ஆழம் ஆகியவற்றை எழுதிவைத்தால், எது மக்கிவிட்டது என்று நீரைக் கலக்காமலே ஊகிக்கலாம். பழைய குவியலை எடுக்க வேண்டிய அவசியமில்லை. அதன் மேலேயே புதிய கிளையைச் சாய்த்தால் போதும், ஏற்கெனவே பாசியும் பூச்சியும் குடிகொண்ட அடித்தளம் புதியதையும் சீக்கிரம் உயிர்ப்பிக்கும்.

நிரம்பின ஏரியில் இந்த வேலைகளையெல்லாம் செய்ய உகந்த காலம், இலையுதிர் காலத்தின் கடைசியில் மதகைத் திறந்து நீரை மூன்று நாலடி வடிக்கும் சமயம். தரை தெரிகிறது, சரளை கொட்டலாம், கட்டைகளை உள்ளபடி ஊன்றலாம். ஓரத்துக் களைகள் குளிரில் பட்டுப்போகின்றன. ஒளிந்திருந்த ப்ளூகில் குஞ்சுகள் வெளியே தள்ளப்பட்டு, பாஸ் குளிர்காலத்துக்கு முன் நன்றாகத் தின்னவும் வசதி ஏற்படுகிறது. வேலை முடிந்ததும், ஜனவரி கழிவதற்குள் மதகை அடைத்துவிட வேண்டும். வசந்த மழை வந்து நிரப்பிவிடும் என்று நம்பித் தாமதித்தவர்களுடைய ஏரிகளில், பாஸ் கூடு தேடுகிற மார்ச், ஏப்ரல் மாதங்களில், அவர்கள் பாடுபட்டுப் பரப்பின சரளைத் திட்டுகள் நீருக்கு மேலே காய்ந்துகொண்டு கிடப்பதைக் காணலாம்.